திண்டிவனத்தில் ஓர் இரவு

பிழைப்புக்காக ஊரை விட்டுச் சென்றவர்கள் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிய இடத்தில் கால் வைத்த நாளிலிருந்தே, இது கொஞ்ச காலத்திற்குத்தான் என்று தமக்குத் தாமே சொல்லிக் கொள்வார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக மும்பையின் தாராவிக்கு வந்தவர்களிலும், அலுவலக வேலைக்காக மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறியவர்களிலும் அவ்வாறு எண்ணியவர்கள் பலர். நாலு காசு சேர்ந்ததும் ஊர் திரும்பிவிடலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆண்டுகள் ஓடின, பிள்ளைகள் வளர்ந்தார்கள், பேரப் பிள்ளைகளும் பிறந்தார்கள். ஊர் திரும்பும் நாள் மட்டும் வரவில்லை.

தற்காலிகம் என்று முத்திரையிட்ட காலத்தை நாம் வாழ்வதில்லை, கழிக்கிறோம். உண்மையான வாழ்க்கை வேறோர் இடத்தில், வேறொரு நாளில் தொடங்கப் போகிறது என்று காத்திருக்கிறோம். அத்தகைய காத்திருப்புக் காலத்திலேயே தம் வாழ்வின் பொருளைக் கண்டடைந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவியவர் என்று நாடு அவரை அறியும். ஆனால் இளம் வயதில் இந்தியாவுக்குத் திரும்பியபோது இங்கே தங்கும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை என்பதை அறிந்தவர் சிலரே.

விலகிச் செல்ல விரும்பிய மண்

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கும் பின்னர் சென்னைக்கும் வந்த முன்னோடி மருத்துவ ஊழியர். அவருடைய புதல்வர்களும் அதே பணியில் ஈடுபட்டனர். ஐடாவின் தந்தை, இரண்டாம் ஜான் ஸ்கடர், அவர்களுள் ஒருவர். இந்தியாவில் ஊழியம் செய்வது அந்தக் குடும்பத்தின் குலத்தொழில் போலவே ஆகியிருந்தது.

சிறுமி ஐடாவின் மனத்தில் இந்தியா பதிந்தது பசியின் உருவில். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தின்போது அவள் ஆறேழு வயதுக் குழந்தை. ரொட்டித் துண்டுகளைத் தன் வயதொத்த பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலை அவளிடம் வந்தது. அதை வாங்கி வாயில் இட்டுக்கொள்ளும் வலுவும் இல்லாத பிள்ளைகளுக்கு அவளே ஊட்ட வேண்டியிருந்தது. பின்னர் குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தந்தை பணிக்குத் திரும்பினார், தாயும் பின்தொடர்ந்தார். உறவினர் வீட்டில் விடப்பட்ட ஐடாவுக்கு, இந்தியா தன் பெற்றோரைப் பறித்துக்கொண்ட நாடாயிற்று. மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டு பள்ளியில் குறும்பும் துடிப்பும் மிக்க மாணவியாக வளர்ந்த அவர், ஸ்கடர் குடும்பத்தின் வழக்கம் தம்மோடு முடியட்டும் என்றே எண்ணியிருந்தார். நல்ல இல்வாழ்க்கையும் அமெரிக்காவின் வசதிகளும் அவர் கனவில் இருந்தன.

1890-ஆம் ஆண்டில் திண்டிவனத்திலிருந்து தாய் சோபியா நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. மகள் புறப்பட்டு வந்தார். தாயைக் கவனித்துக் கொள்வது, அவர் தேறியதும் திரும்பிவிடுவது என்பதே திட்டம். வந்த இடத்தில் சும்மா இராமல் பெண் பிள்ளைகளின் பள்ளியில் பாடம் நடத்தினார். ஆயினும் மனம் கடலுக்கு அப்பாலேயே இருந்தது.

மூன்று அழைப்புகள்

ஒரு நாள் இரவு ஐடா தம் அறையில் இருந்தபோது ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள்; மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். ஐடா தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையாரை அழைத்து வருவதாகவும், தாமும் உடன் வந்து உதவுவதாகவும் சொன்னார். அந்நிய ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று கூறி இளைஞர் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே துயரம், அதே மறுப்பு. பின்னர் மூன்றாமவராக மற்றோர் இந்து வந்தார். அவரும் அவ்வாறே வெறுங்கையோடு திரும்பினார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடியற்காலையில் சாவுப் பறையின் ஒலி கேட்டது. ஆளனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகத் தெரிந்தது.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஐடாவுக்கு ஒரு பாதையைக் காட்டுவதற்காக அந்தப் பெண்கள் இறந்தார்கள் என்று சொல்வது பொருந்தாது. அது அவர்களை இரண்டாம் முறை மறப்பதாகும். அவர்கள் பெயர்கூட நம்மை வந்து சேரவில்லை. பெண்ணைத் தொட்டுச் சிகிச்சை அளிக்கப் பெண் மருத்துவர் இல்லாததாலும், ஆண் மருத்துவரை ஏற்க வழக்கம் இடம் கொடாததாலும் அவர்கள் இறந்தார்கள். ஐடா செய்ததெல்லாம் அந்த மரணங்களைத் தமக்குத் தொடர்பற்றவை என்று தள்ளிவிடாமல் இருந்ததே. கிறிஸ்தவ விசுவாசத்தில் வளர்ந்த அவர், இறைவன் தம்மை அழைப்பதாக உணர்ந்தார். அறையில் தனித்திருந்து நெடுநேரம் பிரார்த்தித்தார். பிறகு பெற்றோரிடம் சென்று, அமெரிக்கா சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி வரப் போவதாகத் தெரிவித்தார்.

போவது என்ற திட்டம் மாறவில்லை. போவதன் நோக்கம் மாறிவிட்டது.

ஒரு படுக்கையில் தொடக்கம்

1895-ஆம் ஆண்டு பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது அங்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். மனைவியை இழந்த ஷெல் என்னும் வங்கியாளர், அம்மையாரின் நினைவாக வேலூரில் மருத்துவமனை கட்டப் பத்தாயிரம் டாலர் அளித்தார்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தடைந்தார். அனுபவமிக்க தந்தையின் அருகிலிருந்து தொழில் பழகலாம் என்றிருந்தார். ஆனால் சில மாதங்களிலேயே தந்தை காலமானார். புதிய டாக்டர், அதிலும் இளம்பெண். நம்பி வருவோர் குறைவு. தங்கியிருந்த பங்களாவிலேயே ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவம் தொடங்கியது. சிறிது சிறிதாக நம்பிக்கை பிறந்தது, கூட்டமும் பெருகியது. 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை நாற்பது படுக்கைகளுடன் எழுந்தது.

வர இயலாதவர்களை நாடிச் செல்வதும் அவர் வழக்கமாயிற்று. முதலில் மாட்டு வண்டியிலும், 1909 முதல் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் சென்றார், மரத்தடிகளே மருந்தகங்களாயின. அதே ஆண்டில் செவிலியர் பள்ளி தொடங்கியது. தாம் ஒருவரே எத்தனை பேரைக் காக்க முடியும் என்ற கேள்வி அவரை விடவில்லை. இந்தியப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்று முடிவு செய்தார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிகம் என்று அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி கருதினார். வந்தவையோ நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள். 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. முதல் அணியில் இறுதித் தேர்வு எழுதிய பதினான்கு பேரும் தேறினர்.

முதுமையில் மீண்டும் நிச்சயமின்மை

1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு பழைய மருத்துவச் சான்றிதழ்ப் படிப்பை நிறுத்தியது. பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரியாக உயர்ந்தாலன்றிப் பள்ளியை மூட நேரிடும் நிலை. ஐடாவுக்கு வயது எழுபதை நெருங்கியது. உலகப் போர் மூண்டிருந்த அந்நாட்களில் அவர் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். ஆண் மாணவர்களையும் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, பெண்களுக்கென்றே தொடங்கியதை மாற்றலாகாது என்று நெடுநாள் நண்பர்கள் சிலர் அவரோடு முரண்பட்டனர். எந்த வடிவில் தொடங்கினோம் என்பதைவிட எதற்காகத் தொடங்கினோம் என்பதே அவருக்குப் பெரிதாயிற்று. 1942-இல் கல்லூரி பட்டப் படிப்பைத் தொடங்கியது. பின்னர் ஆண்களுக்கும் இடம் தந்தது.

1946-இல் பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி தலைமையேற்றார். 1948-இல் தொழுநோயால் மடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் அங்கே தொடங்கியதையும் ஐடா கண்டார். 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், தொண்ணூறாம் வயதை எட்டும் முன், கொடைக்கானலில் அவர் காலமானார். சில மாதங்கள் இருந்துவிட்டுப் போக வந்தவர் இந்த மண்ணிலேயே நிலைத்துவிட்டார்.

நம் வாசலில் யாரும் தட்டவில்லை என்று நாம் குறைபட்டுக் கொள்வதுண்டு. ஐடாவின் வாசலில் தட்டியவர்கள் அவரை மேன்மைப்படுத்த வரவில்லை. தங்கள் துயரத்தோடு வந்தார்கள். அவரால் அன்று எதுவும் செய்ய இயலவில்லை. இயலாமையை ஒப்புக்கொண்ட பிறகு, அதை அப்படியே விட்டுவிட மறுத்ததிலிருந்து அவருடைய வாழ்க்கை தொடங்கியது. வேலை கிடைக்கும் வரை, மாற்றல் வரும் வரை, வீட்டில் நோயாளி எழுந்து நடமாடும் வரை என்று நாம் நாட்களை எண்ணிக் கொண்டிருக்கும்போதும் அடுத்த வீட்டில் ஒருவருக்கு உதவி தேவைப்பட்டுக் கொண்டுதான் இருக்கிறது. எத்தனை நாள் இங்கே இருப்போம் என்பது நம் கையில் இல்லை. கதவைத் திறப்பது நம் கையில் இருக்கிறது.