கதீஜா: பெயருக்குப் பெருமை சேர்த்த பெருமாட்டி

பிறந்த ஏழாம் நாளில் முடி களைந்து, அகீகா கொடுத்து, குழந்தைக்கு அழகிய பெயர் சூட்டுவது முஸ்லிம் இல்லங்களின் நல்வழக்கம். பெண் மகவாயின் பாத்திமா, ஆயிஷா, மர்யம், கதீஜா என்னும் பெயர்களுள் ஒன்றே பெரியோர் நாவில் முதலில் எழும். இவற்றுள் கதீஜா என்னும் பெயரின் சொற்பொருளைக் கேட்போர் வியப்படைவர்.

கருவுற்ற ஒட்டகம் நாள் நிறையுமுன் கன்று ஈனுவதைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். அதே வேரிலிருந்து வந்த 'கிதாஜ்' என்னும் சொல்லுக்குக் குறைவுடையது என்பது பொருள். அல்ஹம்து சூரா ஓதப்படாத தொழுகை குறைவுடையது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது இச்சொல்லையே ஆண்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஆகவே அகராதியின்படி கதீஜா என்றால் குறைமாதத்தில் பிறந்தவள் என்பதே பொருளாகும்.

பொருள் நன்றாக அமையாத பெயர்களை மாற்றி வைப்பது பெருமானாரின் வழக்கம். மாறு செய்பவள் என்னும் பொருள்பட்ட ஒரு பெண்ணின் பெயரை ஜமீலா என மாற்றினார்கள். ஆனால் கதீஜா என்னும் பெயரை அவர்கள் மாற்றவில்லை. தங்கள் இறுதிக் காலம் வரை அதனை அன்போடு மொழிந்து வந்தார்கள். குறைவு என்று அகராதி கூறும் சொல்லுக்கு, நிறைவு என்னும் பொருளைத் தம் வாழ்வினாலேயே வழங்கிச் சென்றார்கள் அந்த அன்னை.

வணிகப் பெருமாட்டி

மக்கா நகரின் குறைஷிக் குலத்தில், அஸத் கிளையைச் சேர்ந்த குவைலித் என்பாரின் மகளாகப் பிறந்தவர்கள் கதீஜா நாயகி (ரலி) அவர்கள். தாயாரின் பெயர் பாத்திமா. அறியாமைக் காலத்தின் அழுக்குகள் சூழ்ந்திருந்த அந்நகரில், தூயவர் என்னும் பொருள்பட 'தாஹிரா' என்று மக்கள் அவர்களை அழைத்தனர். இருமுறை மணம் புரிந்து கணவரை இழந்த பின், குறைஷித் தலைவர்கள் பலர் மணம் பேசி வந்தும் அவர்கள் இசையவில்லை.

மக்காவின் வாழ்வு வணிகத்தை நம்பியது. கதீஜா நாயகியார் ஒருவரின் ஒட்டக வரிசையே குறைஷியர் ஏனையோரின் வரிசைக்கு ஈடாக இருந்தது என்று இப்னு ஸஅத் எழுதுகிறார். நம்பிக்கைக்குரிய ஆடவரிடம் முதலையும் சரக்கையும் ஒப்படைத்து, ஊதியத்தில் பங்கு கொடுத்து வாணிகம் நடத்தினார்கள். வாய்மைக்கும் நம்பிக்கைக்கும் பெயர் பெற்றிருந்த முஹம்மது (ஸல்) அவர்களின் நேர்மையைக் கேள்வியுற்று, தம் சரக்குடன் ஷாம் நாட்டிற்குச் சென்று வருமாறு கேட்டார்கள். ஊழியர் மைஸராவும் உடன் சென்றார். பயணம் முடிந்தபோது ஊதியம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அதனினும் மேலாக, மைஸரா எடுத்துரைத்த நற்பண்புகள் நாயகியாரின் உள்ளத்தைக் கவர்ந்தன.

தோழி நபீஸாவை அனுப்பித் தம் விருப்பத்தைக் குறிப்பால் உணர்த்தினார்கள். அண்ணலார் இசைந்தார்கள். மணமகளின் தரப்பில் சிறிய தந்தை அம்ரு முன்னின்றார். மணமகனின் தரப்பில் அபூதாலிப் திருமண உரை நிகழ்த்தினார். அண்ணலாருக்கு அப்போது வயது 25. நாயகியாருக்கு 40 என்பது பெருவழக்கான செய்தி. அதனினும் குறைவு என்று கூறுவாரும் உளர். 20 ஒட்டகங்களை மஹராக அண்ணலார் வழங்கினார்கள் என்று இப்னு ஹிஷாம் குறிப்பிடுகிறார். பெரும் செல்வம் படைத்த பெண்ணுக்கு, செல்வம் குறைந்த ஆடவர் மஹர் கொடுத்தார் என்பதை இங்கே மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும்.

காஸிம், அப்துல்லாஹ் ஆகிய ஆண் மக்களும், ஜைனப், ருகையா, உம்மு குல்தூம், பாத்திமா ஆகிய பெண் மக்களும் இவ்வில்லறத்தில் தோன்றினர். ஆண் மக்கள் இருவரும் இளமையிலேயே மறைந்தனர். அந்தத் துயரையும் இருவரும் பொறுமையோடு தாங்கினர்.

முதல் ஈமான்

கி.பி. 610 ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் ஹிரா குகையில் வஹீ இறங்கியது. உடல் நடுங்க இல்லம் வந்த அண்ணலார், தம்மைப் போர்த்துமாறு கேட்டார்கள். அந்நேரத்தில் நாயகியார் கலங்கவில்லை, ஐயமும் கொள்ளவில்லை. சுற்றத்தாரைப் பேணுபவரை, எளியோரின் சுமையைச் சுமப்பவரை, விருந்தினரை உபசரிப்பவரை இறைவன் ஒருநாளும் இழிவுபடுத்த மாட்டான் என்று உறுதி கூறித் தேற்றினார்கள். பின்னர் வேதங்களைக் கற்றறிந்த முதியவரும் தம் உறவினருமான வரக்காவிடம் அழைத்துச் சென்றார்கள். மனித குலத்திலே முதன்முதலாக இறுதி நபியின் மீது ஈமான் கொண்டவர் ஒரு பெண் என்னும் சிறப்பு அன்று வரலாற்றில் பதிந்தது.

அதன்பின் அவர்களின் செல்வம் மார்க்கத்தின் செல்வமாயிற்று. வறியவராயிருந்த நபியவர்களைத் தன்னிறைவு உடையவராக ஆக்கியதைத் திருக்குர்ஆனின் 93 ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். கதீஜா நாயகியாரின் செல்வத்தின் வாயிலாக அது நிகழ்ந்தது என விரிவுரையாளர்கள் பலர் விளக்குகின்றனர்.

பசியின் கணவாய்

நபித்துவத்தின் 7 ஆம் ஆண்டில் குறைஷியர் ஹாஷிம் கிளையாரை ஊர்விலக்கம் செய்தனர். கொள்வினை கொடுப்பினை இல்லை. திருமண உறவும் இல்லை. அபூதாலிப் கணவாயில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முஸ்லிம்களும் உறவினரும் அடைபட்டனர். பசித்த குழந்தைகளின் அழுகுரல் கணவாய்க்கு வெளியே கேட்டது. இலைகளைத் தின்று நாளைக் கழித்த தோழர்களும் உண்டு. பட்டும் பொன்னும் பார்த்து வளர்ந்த நாயகியாரோ முதுமையில் அந்தப் பசியைக் கணவரோடு பங்கிட்டுக் கொண்டார்கள். அவர்களின் சகோதரர் மகன் ஹக்கீம் இப்னு ஹிஸாம் ஒருமுறை தம் மாமிக்காகக் கோதுமை எடுத்துச் சென்றபோது அபூஜஹ்ல் வழிமறித்தான். முஸ்லிமல்லாத அபுல் பக்தரீ என்பவரே மனம் பொறாமல் இடைபுகுந்து அவனை அடித்து வழிவிடச் செய்தார்.

விலக்கம் நீங்கியது, ஆனால் நாயகியார் நெடுநாள் வாழவில்லை. கி.பி. 619 இல், ஹிஜ்ரத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, ரமலான் மாதத்தில் இறைவனடி சேர்ந்தார்கள். ஜனாஸாத் தொழுகை அப்போது கடமையாக்கப்படவில்லை. ஹஜூன் என்னும் இடத்தில் அண்ணலாரே கப்ரில் இறங்கி அடக்கம் செய்தார்கள். அபூதாலிபும் மறைந்த அவ்வாண்டு துக்க ஆண்டு எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 25 ஆண்டு இல்லறத்தில், நாயகியார் உயிரோடிருக்கும் வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மற்றொரு மனைவியை மணக்கவில்லை.

மதீனாவிலும் அந்நினைவு அகலவில்லை. ஆடு அறுத்தால் கதீஜா நாயகியாரின் தோழியருக்கு ஒரு பங்கு செல்லும். ஹிஜ்ரி 2 இல் நடந்த பத்ருப் போரில் மருமகன் அபுல் ஆஸ் எதிரணியில் நின்று சிறைப்பட்டார். அவரை மீட்க மகள் ஜைனப் (ரலி) அனுப்பிய ஈட்டுப் பொருளில் ஒரு கழுத்து மாலை இருந்தது. திருமணத்தின்போது தாய் கதீஜா மகளுக்கு அணிவித்த மாலை அது. அதைக் கண்டதும் அண்ணலாரின் உள்ளம் உருகிற்று. தோழர்களின் இசைவைக் கேட்டே கைதியை விடுவித்து மாலையைத் திருப்பி அனுப்பினார்கள்.

உலகெங்கும் ஒலிக்கும் பெயர்

இந்த வாழ்வே ஒரு பழைய சொல்லை உலகப் பெயராக்கியது. துருக்கியர் ஹதீஜே என்பர். மலாய் மக்கள் ஸித்தி கதீஜா என்பர். 14 ஆம் நூற்றாண்டில் மாலத்தீவை ஓர் அரசி ஆண்டார். அவர் பெயரும் கதீஜா. அங்கு சென்ற பயணி இப்னு பதூதா அவரைக் குறித்து எழுதியுள்ளார். நம் தமிழகத்தில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அன்னையின் திருமணத்தைத் தமிழ்க் காப்பிய மரபிலே விரிவாகப் பாடி வைத்தார். அங்கே கதீசா எனத் தமிழ் வடிவம் பெற்ற பெயர், நம் ஊர்களிலே கதீஜா பீவி, கதீஜா உம்மாள், கதீஜா நாச்சியார் என வீட்டுக்கு வீடு விளங்கலாயிற்று.

பெயருக்கு நாம் செய்யும் மரியாதை

இப்பெயரைச் சூட்டிய நாம், அதைச் சுமக்கும் பெண்ணுக்குச் செய்வது என்ன? வயது வந்ததும் அவளுக்கு விலை பேசுகிறோம். நிக்காஹ் தஃப்தரில் மஹர் என்று சிறு தொகையை எழுதிவிட்டு, மறைவிலே கைக்கூலியும் நகையும் சீரும் எண்ணி வாங்கும் வீடுகள் இன்றும் உள்ளன. ஒரு கதீஜாவைக் கரையேற்ற இருந்த வீட்டை விற்றுக் கடனாளியாகும் தந்தையர் எத்தனை பேர்!

கதீஜா நாயகியும் தம் செல்வத்தைக் கணவருக்குக் கொடுக்கவில்லையா என்று கைக்கூலிக்கு நியாயம் தேடுவோரும் உண்டு. அன்னையார் கொடுத்தது மணத்துக்கு விதித்த நிபந்தனை அன்று. அவர்களின் தந்தை வழியார் கடன் பட்டுக் கொடுத்ததும் அன்று. தமக்கே உரிய பொருளைத் தம் மனமுவந்து இறைவழியில் செலவிட்டார்கள். கொடுக்க வேண்டிய கடமை அன்றும் மணமகனுடையதாகவே இருந்தது. பெண்களுக்கு அவர்களின் மஹரை மனமகிழ்வோடு கொடுக்குமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 4 ஆம் வசனம் ஆடவருக்கே கட்டளையிடுகிறது. கேட்டு வாங்கும் கைக்கூலிக்கு அன்னையின் பெயரைச் சான்றாக்குவது அந்தப் பெயருக்குச் செய்யும் அநீதி.

கைப்பேசியிலே புதிய பெயர்களைத் தேடி, ஒலி இனிமையையும் பொருளையும் நிறுத்துப் பார்க்கும் இளம் பெற்றோர் ஒன்றை உணர வேண்டும். பெயருக்குப் பொருள் தருவது அகராதி மட்டும் அன்று. மகளுக்குக் கதீஜா எனப் பெயரிடுவோர் அவளுக்குக் கல்வி தரட்டும். அவள் பொருள் அவளுக்கே உரியது என்று ஒப்புக் கொள்ளட்டும். திருமணத்தில் அவள் விருப்பத்தைக் கேட்கட்டும். மகனுக்கு முஹம்மது எனப் பெயரிட்டோர், மஹர் கொடுத்து மணம் முடிக்கும் ஆண்மையை அவனுக்குக் கற்பிக்கட்டும். அப்போதே நாம் சூட்டிய பெயர்கள் நமக்குச் சாட்சி சொல்லும்; இல்லையேல் அவையே நமக்கு எதிரான சாட்சிகளாகிவிடும்.

நம் இல்லத்துப் பெண் மக்களுக்கு அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களின் ஈமானையும் உறுதியையும், ஆண் மக்களுக்கு அண்ணலாரின் நன்றி மறவாப் பண்பையும் வல்ல அல்லாஹ் வழங்கி அருள்வானாக! ஆமீன்.