யாழுக்கு உயிர் தந்த அடிகளார்

கல்முனைக்குத் தெற்கே கடலோரமாக அமைந்த காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனே பின்னாளில் விபுலானந்த அடிகளாராக விளங்கினார். நான் வாழும் சொறிக்கல்முனை அவ்வூருக்கு அண்மையது. எங்கள் பகுதி மாணவர் அவரைத் துறவியென்றும் புலவரென்றும் நன்கறிவர். விஞ்ஞானம் பயின்றவர் என்பதை நினைப்போர் சிலரே. யாழ் நூலைத் திறக்கும் திறவுகோலோ அதுவேயாகும்.

1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1924இல் துறவு பூண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். எப்பணியில் இருந்தபோதும் அவர் உள்ளத்தை ஒரு வினா விடாது பற்றியிருந்தது. வழக்கொழிந்த யாழ் எவ்வாறு ஒலித்தது?

இவ்வினா பழம்பொருள் ஆராய்ச்சி மட்டுமன்று. கருவியின் ஒலியியல்பை அறியாமல், அது எவ்வுணர்ச்சியைப் பேசவல்லது என்பதை அறிதல் இயலாது. வீணையிலே மெட்டின்மேல் தந்தியை அழுத்தி இழுக்கலாம். அதனால் ஒரே சுரம் அசைந்து, குழைந்து, விம்மும். யாழுக்கு மெட்டில்லை. ஒவ்வொரு சுரத்திற்கும் தனி நரம்புண்டு. செங்கோட்டியாழுக்கு ஏழு, பேரியாழுக்கு இருபத்தொன்று. தொட்ட நரம்பு தெளிவாக ஒலித்து மெல்ல அடங்கும். வீணையின் குழைவு அதற்கு எளிதன்று.

அங்ஙனமாயின் யாழ் அழுதது எவ்வாறு? நரம்பை வளைத்தன்று, முறையை மாற்றியே என்பது நான் கொண்ட கருத்து. குரல் என்னும் முதற்சுரத்தை வேறொரு நரம்பில் நிறுத்தினால், அதே நரம்புகளிலிருந்து வேறொரு பாலை பிறக்கும். இடைவெளிகள் மாற உணர்ச்சியும் மாறும். காலைக்கு மருதமும் மாலைக்குச் செவ்வழியும் இரங்கலுக்கு விளரியும் வகுத்த பண்டைத் தமிழர் இந்நுட்பம் உணர்ந்தவரே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் செறிந்து கிடந்த இம்முறையை அடிகளார் கணிதத்தால் அளந்து விளக்கினார். கவிஞர் செவியும் விஞ்ஞானி அளவுகோலும் ஒருவரிடமே கூடியதால் அது கைகூடியது.

1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், யாழ் நூல் அரங்கேறியது. நோயுற்ற உடலோடு அதனைக் கண்டு களித்த அடிகளார், ஜூலை 19ஆம் நாள் கொழும்பில் மறைந்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில், தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவில் துயில்கின்றார்.

அவருக்கு நாம் விழா எடுக்கிறோம், சிலையும் வைக்கிறோம். நூலையோ பாராட்டிவிட்டு மூடி வைக்கிறோம். ஒரு பள்ளியேனும் ஏழு நரம்பு கட்டி, குரலை இடம் மாற்றி இசைத்து, மாணவரைக் கேட்கச் செய்யட்டும். செவியால் கற்கவேண்டியதைக் கண்ணால் மட்டும் கற்றால், அவர் உழைப்பில் பாதியே நம்மை வந்தடையும்.