மருந்துக்கு மொழி தந்தவர்

தெல்தெனியவில் ஆசிரியப் பணி புரிந்துவந்த காலத்தில், ஒருநாள் மாலை, ரங்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த தாயொருத்தி என்னைத் தேடி வந்தாள். அவள் கையில் ஒரு மருந்துப் போத்தலும் துண்டுச் சீட்டும் இருந்தன. நாளொன்றுக்கு எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்பவற்றைக் கூறும் வரிகள் அவள் அறியாத மொழியில் எழுதப்பட்டிருந்தன. இரண்டு நாட்களாகக் குழந்தைக்கு அவள் இருமடங்கு மருந்து கொடுத்து வந்திருக்கிறாள் என்பதைச் சீட்டைப் பார்த்ததும் உணர்ந்து நெஞ்சம் துணுக்குற்றேன். நல்லவேளையாகத் தீங்கு ஏதும் நேரவில்லை. 1987ஆம் ஆண்டிலேயே தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கப்பட்டுவிட்டது. ஆயினும், அச்சட்டத்தின் பயன் அந்தப் போத்தல் வரை வந்து சேரவில்லை.

அன்றிரவு என் நினைவிலே நின்றவர் ஓர் அமெரிக்கர். அவரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆந் தேதி மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்து, நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று 1845இல் பட்டம் பெற்றவர். அமெரிக்க மிஷன் சார்பில் 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான். மறுவருடம் மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் தொடங்கினார்.

மதம் பரப்பவே அவர் வந்தார். அதனை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. எனினும், சமயத்தை ஏற்பவர் தம் உடையையும் மொழியையும் துறக்க வேண்டுவதில்லை என்ற கருத்துடையவர் அவர். மாணவர்கள் ஐரோப்பியரைப் போல நடை உடை பூணுவதை அவர் விரும்பினாரல்லர்.

தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடைபெற்றன. ஆனால், ஆங்கிலத்தில் தேறிய மாணவர்களை உத்தியோகமும் உயர்ந்த சம்பளமும் வேற்றூர்களுக்கு ஈர்த்துச் சென்றன. கிராமத்து நோயாளியோ முன்போலவே துணையின்றிக் கிடந்தான். தமிழில் படித்தவனே தமிழ்க் கிராமத்தில் தங்குவான் என்று தெளிந்த கிறீன், 1864ஆம் ஆண்டளவில் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார். வைத்தியக் கல்வியைத் தமிழிற் புகட்ட இயலுமா என்று இன்றும் மேடைதோறும் வழக்காடுகிறோமே, அன்பர்களே! அது இயலும் என்பதை அவர் செய்தே காட்டிவிட்டார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளிவந்தனர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! உடலமைப்பு, உடலியக்கம், உடல்நலப் பேணல் ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறும் கற்றரின் நூல் 1857இல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரில் வெளிவந்தது. பின்னர் 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்' என நூல்கள் தொடர்ந்தன. அவை அனைத்தும் சேர்ந்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களாகும். தம் மாணவர் சிலரின் துணையுடனேயே அவர் இப்பணியை ஆற்றினார்.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் வகுத்துக்கொண்ட நெறி ஆசிரியர்கள் உளங்கொளத் தக்கது. முதலில் தமிழ் வழக்கிலே சொல் தேடுவார். கிடையாவிடின் வடமொழியை நாடுவார். அங்கும் கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசையத் திரித்துக்கொள்வார். 'கெமிஸ்தம்' அவ்வாறு பிறந்ததே. 'அங்காதிபாதம்' என்ற சொல்லைக் கேட்கும்போது நம் புலவர்களின் பாதாதிகேசம் நினைவுக்கு வருகிறதன்றோ? உறுப்புகளை வரிசையாய்ப் பாடிய மரபுக்கு அருகிலேயே உடற்கூற்றியலையும் அமர்த்திவிட்டது அப்பெயர். இன்றைய செவிக்கு அவருடைய சொற்களிற் பல கரடுமுரடாகத் தோன்றலாம். ஆயினும், பாதையில்லாக் காட்டில் முதல் தடம் போட்டவரிடம் தார்ச்சாலையை எதிர்பார்த்தல் முறையன்று.

1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை வாந்திபேதி சூறையாடியபோது கிறீனும் அவருடைய மாணவர்களும் நோயாளரிடையே நின்று பணியாற்றினர். அதே நூற்றாண்டில்தான் தென்னிந்தியத் தமிழர் மன்னார் வழியாக நடந்து கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். வழிநெடுகிலும் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பல்லாயிரவர். வடக்கே அச்சேறிய தமிழ் வைத்திய நூல்கள் இம்மலைகளின் லயங்களுக்கு எட்டவில்லை. அந்த இடைவெளியின் எச்சத்தையே அத்தாயின் கையிலிருந்த சீட்டில் நான் கண்டேன்.

1873இல் கிறீன் தாய்நாடு திரும்பினார். உடல்நலம் குன்றிய நிலையிலும் அங்கிருந்தபடியே தமிழ் நூல்களைச் செப்பஞ்செய்து அனுப்பினார். இந்திய மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் ஆராயும் 'இந்து பதார்த்த சாரம்' 1884இல் வெளிவந்தது. அவ்வாண்டு மே 28ஆந் தேதி அவர் மறைந்தார். தாம் தமிழருக்கு வைத்திய ஊழியராக விளங்கிய செய்தியே தம் கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம்; அவ்விதமே பொறிக்கப்பட்டது. அவர் தொடங்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வியோ அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை.

1980களில் விக்டோரியா நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய தெல்தெனிய நீரில் மூழ்கிற்று. கடுங்கோடையில் நீர் வற்றும்போது அதன் இடிந்த சுவர்கள் தலைகாட்டும். அவற்றைக் காணும்போதெல்லாம் கிறீனின் நூல்களே என் நினைவுக்கு வரும். ஆனால், மூழ்கிய ஊரை நம்மால் மீட்க முடியாது. மொழியின் பணியை மீட்கலாம். அத்தாய் வந்துபோன மறுவாரமே என் வகுப்பில் ஒரு பயிற்சியைத் தொடங்கினேன். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள மருந்துச் சீட்டைக் கொண்டுவருவர். பொருள் தெரிந்தவரிடம் கேட்டுச் சரிபார்த்து, வேளையும் அளவும் தெளிவாக விளங்கும்படி தமிழில் எழுதிப் போத்தலில் ஒட்டுவர். சிறு காரியந்தான். மானிப்பாயில் அந்த மனிதர் தொடங்கியதும் கைவிரலால் எண்ணத்தக்க மாணவர்களைக் கொண்டேயன்றோ?