கணக்குக் கேட்ட பெரோஸ் காந்தி

ஒசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தொழிற்சாலைகள் பெருகிய பின்னர், மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஆயுள் இன்ஷூரன்ஸ் பிரீமியமாகச் செலுத்துவோர் நம்மவருள் பலராயினர். அங்ஙனம் கொடுக்கும் பணத்திற்கு ஈடாக இன்று நமக்குக் கிடைப்பது ஒரு வாக்குறுதியே. அவ்வாக்கு நிறைவேறும் நாளோ இருபது முப்பது ஆண்டுகளுக்கு அப்பால் உள்ளது. சில வேளைகளில் அதன் பயனைப் பெறுவோர் பணம் கட்டியவரும் அல்லர். அவர்தம் மனைவி மக்களே ஆவர். இடைப்பட்ட காலத்தில் அப்பணம் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று பார்லிமெண்டில் எழுந்து கேட்டவர் பெரோஸ் காந்தி. அவருடைய சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

பெரோஸ் காந்தி 1912ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். காந்தியடிகளுக்கும் இவருக்கும் உறவு யாதும் இல்லை. இளமையிலேயே தந்தையை இழந்து, அலகாபாத்தில் வளர்ந்தார். கல்லூரி மாணவராயிருந்தபோது, 1930இல் படிப்பை விட்டுத் தேசிய இயக்கத்திற் புகுந்து சிறை சென்றார். பின்னர் லண்டன் பொருளாதாரக் கல்லூரியிற் பயின்றார். 1942இல் இந்திராவை மணந்து, அவ்வாண்டிலேயே மீண்டும் சிறைவாசம் ஏற்றார். விடுதலைக்குப் பின் நேஷனல் ஹெரால்டு பத்திரிகையின் நிர்வாகத்தை நடத்தினார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ராய்பரேலித் தொகுதியினின்றும் லோக்சபைக்குச் சென்றார். ஆளும் காங்கிரஸ் கட்சியின் அங்கத்தினர். பிரதம மந்திரி நேருவின் மருமகர். இவ்விரு நிலைகளும் ஒருவரை மௌனமாக இருக்கச் செய்யத் தக்கனவே. இவரும் சில ஆண்டுகள் அதிகம் பேசாதவராகவே இருந்தார்.

அக்காலத்து இன்ஷூரன்ஸ் தொழிலுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1912இல் ஒரு சட்டமும், 1938இல் விரிவான மற்றொரு சட்டமும் ஏற்பட்டிருந்தன. ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தம் நிதியில் பாதியையோ அதற்கு மேலோ சர்க்கார் பத்திரங்களிலும் சர்க்கார் அங்கீகரித்த பத்திரங்களிலும் வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் கணக்கு அனுப்புதல் வேண்டும். குறித்த காலத்திற்கு ஒரு முறை ஆக்சுவரி என்னும் நிபுணரைக் கொண்டு தம் பொறுப்புகளை மதிப்பிடுதல் வேண்டும் என்று விதிகள் இருந்தன. ஆயினும் 1956க்கு முந்தைய பத்தாண்டுகளில் 25 கம்பெனிகள் கலைந்து போயின. வேறு 25 கம்பெனிகள் தம் வியாபாரத்தைப் பிறரிடம் ஒப்புவிக்க நேர்ந்தது.

இதன் காரணம் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் செய்தியால் நன்கு விளங்கும். அதன் தலைவர் ராமகிருஷ்ண டால்மியா பெருஞ்செல்வர். பம்பாய்ப் பங்கு மார்க்கெட்டில் நடத்திய சூதாட்ட வியாபாரத்தில் நேர்ந்த நஷ்டத்தை ஈடுகட்ட, பாலிஸிதாரர் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் எடுக்கப்பட்டது. அத்தொகைக்குச் சர்க்கார் பத்திரங்கள் வாங்கப்பட்டன என்று கணக்கில் எழுதினர். ஏட்டில் பத்திரம் இருந்தது, பெட்டியில் இல்லை. சட்டம் கேட்ட கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தும், அதனைப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கண் காலத்தில் வாய்க்கவில்லை. 1955இல் சர்க்கார் விசாரணை தொடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி லோக்சபையில் எழுந்து, பணம் எவ்வெவ்வழியே சென்றது என்பதைப் புள்ளி விவரங்களுடன் எடுத்துரைத்தார். டால்மியா பின்னர்க் கோர்ட்டில் தண்டனை பெற்றார். 1962இல் சுப்ரீம் கோர்ட்டும் அதனை உறுதி செய்தது.

1956 ஜனவரி 19ஆம் நாள் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலைச் சர்க்கார் தன் வசப்படுத்திற்று. 245 நிறுவனங்களின் தொழில் ஒன்றாக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் லைப் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது. பார்லிமெண்டு நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகளை வழக்கினின்றும் காக்கும் சட்டமும் பெரோஸ் காந்தி கொணர்ந்த மசோதாவால் அதே ஆண்டில் நிறைவேறிற்று. சபைக்குள் கேட்கப்படும் கணக்கு வெளியே உள்ள பாலிஸிதாரர் செவிக்கும் எட்ட வேண்டும் என்பதே அதன் கருத்து.

சர்க்கார் எடுத்துக்கொண்டமையால் இனிக் கவலை இல்லை என்று பலரும் எண்ணினர். ஓராண்டு கழிவதற்குள், 1957 ஜூன் மாதம், கார்ப்பொரேஷன் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. முதலீட்டுக் கமிட்டியைக் கலந்து கொள்ளவில்லை. தம் கட்சியே ஆள்வது, தம் மாமனாரே பிரதமர் என்று பாராமல், டிசம்பரில் பெரோஸ் காந்தி மீண்டும் எழுந்தார். பம்பாய் ஹைக்கோர்ட்டுப் பிரதம நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். செயலாளரின் செயலுக்கும் மந்திரியே பொறுப்பாவார் என்று முடிவு கூறினார். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி துறந்தார். தனியார் கையில் இருந்தபோது நேர்ந்த பிழை, உடையவர் மாறிய பின்னும் வேறு உருவில் நேர்ந்தது. இதனால் பணத்தைக் காப்பது உடையவரின் பெயர் அன்று, இடைவிடாத கணக்காய்வே என்பது பெறப்படும்.

1960 செப்டம்பர் 8ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிரம்பச் சில நாட்கள் இருக்கையில், மாரடைப்பால் அவர் டில்லியில் காலமானார். அவர் கொணர்ந்த பத்திரிகைச் சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், அவர் மனைவியாரின் ஆட்சியிலேயே நீக்கப்பட்டு, 1977இல் மீண்டும் நிலைபெற்றது.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்ஷூரன்ஸ் தொழிலைக் கண்காணிக்கத் தனி ஆணையம் ஏற்பட்டுள்ளது. கம்பெனிகள் தம் பொறுப்புகளுக்கு வேண்டிய தொகையோடு நில்லாமல், சட்டம் குறிக்கும் காப்பு வரம்பைப் போல் ஒன்றரை மடங்கு மிகை நிதியும் வைத்தல் வேண்டும் என்பது விதி. அவ்விவரங்களைக் காலாண்டுதோறும் தத்தம் இணையதளத்தில் வெளியிடவும் வேண்டும். எழுதி வைத்தோரை மட்டும் நம்பியிருந்தால் யாது நேரும் என்பதைப் பாரத் கம்பெனியின் கதை காட்டிற்று. ஆதலின் பாலிஸி எடுக்கும் அன்பர்கள் ஏஜெண்டின் இன்சொல்லோடு அமையாது, கம்பெனியின் நிதி நிலையையும், இறந்தோர் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்த விவரத்தையும் படித்தறிக. இயலாதோர் கற்ற தம் பிள்ளைகளைக் கொண்டு படிப்பித்துக் கேட்க. சங்கங்களிலும் சீட்டுகளிலும் கூட்டுறவு நாணயச் சங்கங்களிலும் வரவு செலவு வாசிக்கப்படும்போது, ஐயம் உள்ளவர் எழுந்து வினவுதலை அவமதிப்பாகக் கொள்ளாதிருப்போமாக. பெரோஸ் காந்தி தம்மவரிடமே கணக்குக் கேட்டார். அதனாலேயே முகம் அறியாத எத்தனையோ குடும்பங்களின் பணத்திற்குக் காவலராயினார்.