தங்கிய வேந்தன் பாபர்

தில்லியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் பானிப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அம்பாலா வழியாகப் பயணம் செய்யும் நம்மவர், வண்டியின் சாளரத்தினூடே அவ்வூரின் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். பாரத வரலாற்றின் போக்கை மாற்றிய மூன்று பெரும் போர்கள் 1526, 1556, 1761 ஆகிய ஆண்டுகளில் அங்கே நிகழ்ந்தன. முதற் போரே மொகலாயப் பேரரசுக்கு வித்திட்டது. ஆயினும் வித்து ஊன்றப்பட்டது போர்க்களத்தில் மட்டுமன்று. வென்றவன் இங்கேயே தங்குவதென உறுதி பூண்ட பின்னரே அது வேர்கொண்டது. அவ்வுறுதியைக் கொண்டவன் பாபர்.

பாபர் 1483ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள், இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள ஆண்டிஜான் நகரில் பிறந்தார். தந்தை வழியில் தைமூரின் மரபினர். தாய் வழியில் செங்கிஸ்கானின் குலத்தவர். தந்தை உமர் ஷேக் மிர்சா பர்கானா என்னும் சிறு நாட்டை ஆண்டு வந்தார். 1494இல் அவர் ஆற்றோரப் பள்ளத்தின் விளிம்பில் அமைந்திருந்த புறாக்கூண்டு மாடம் சரிந்து விழ, அதனோடு வீழ்ந்து உயிர் நீத்தார். பதினோரு வயதுச் சிறுவன் அரசனானான்.

முன்னோர் தைமூரின் தலைநகரான சாமர்கண்டை ஆள வேண்டும் என்பதே அவ்விளைஞரின் வாழ்நாட் கனவு. 1497இல் அதனைக் கைப்பற்றினார். ஏறத்தாழ நூறு நாளே ஆண்டு அதனை இழந்தார். அதற்குள் பர்கானாவிலும் கலகம் மூண்டமையால் பிறந்த நாடும் கைநழுவியது. மீண்டும் சாமர்கண்டை வென்றார்; 1501இல் உஸ்பெக்குத் தலைவன் ஷைபானிக் கானிடம் மீண்டும் இழந்தார். அந்நகரை விட்டு வெளியேறியபோது தமக்கை கான்சாதா பகைவன் கையில் சிக்கினார். நாடின்றி, படையின்றி மலைக் குடிகளிடையே அலைந்த காலம் அது. 1504இல் காபூலைப் பிடித்த பின்னரே அவருக்கு ஓர் இருப்பிடம் வாய்த்தது. பாரசீக மன்னரின் துணையால் 1511இல் மூன்றாம் முறையாகச் சாமர்கண்டினுள் புகுந்தார். அடுத்த ஆண்டே அதுவும் அகன்றது. வடக்கு வழி அடைபட்டமையால் அவர் பார்வை தெற்கே திரும்பிற்று.

அக்காலத்தில் தில்லியை ஆண்ட இப்ராகிம் லோடியின்மீது அவருடைய பிரபுக்களே மனக்கசப்புற்றிருந்தனர். பஞ்சாபின் ஆளுநர் தௌலத்கான் லோடியும், இப்ராகிமின் உறவினர் ஆலம்கானும் பாபரின் உதவியை நாடினர். இவ்வாறு உட்பகை வாயிலைத் திறந்துவிட, பாபர் 1526 ஏப்ரலில் பானிப்பட்டை அடைந்தார்.

அவரிடமிருந்த வீரர் ஏறத்தாழ 12,000 பேர். எதிர்நின்ற படை ஓரிலட்சம் வீரரும் ஓராயிரம் யானைகளும் கொண்டது என்று மதிப்பிட்டார். ஆகவே எண்ணிக்கையை எண்ணத்தால் ஈடுசெய்தார். வலப்புறம் ஊரின் வீடுகளும், இடப்புறம் வெட்டிய அகழியும் மரக்கிளை அரணும் காவலாயின. நடுவே 700 வண்டிகளைத் தோற்கயிற்றால் பிணைத்து நிறுத்தி, அவற்றின் பின்னே துப்பாக்கி வீரரை வைத்தார். குதிரைப் படை பாய்ந்து செல்வதற்கு இடையிடையே வழி விடப்பட்டது. உஸ்தாத் அலியும் முஸ்தபாவும் பீரங்கிகளைப் பொறுப்பேற்றனர்.

ஏப்ரல் 21ஆம் நாள் காலை இப்ராகிமின் படை விரைந்து வந்தது. அரணைக் கண்டதும் முன்னணியினர் தயங்க, பின்வந்தோர் அவர்களை நெருக்கினர். அவ்வேளையில் பாபரின் இருபக்கக் குதிரை அணிகள் வளைந்து சென்று பகைவரின் பின்புறத்தைத் தாக்கின. முன்னே வெடிமுழக்கம், பின்னே அம்பு மழை. இடையிற் சிக்கிய பெரும்படைக்கு அசையவும் இடமில்லை. நடுப்பகலுக்குள் போர் முடிந்தது. இப்ராகிம் களத்தை விட்டு ஓடாது போரிட்டு மாண்டார். குவாலியர் மரபின் விக்கிரமாஜித்தும் அவர் பக்கம் நின்று உயிர் துறந்தார்.

தில்லியும் ஆக்ராவும் பாபர் வசமாயின. கருவூலப் பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் வாரி வழங்கினார். காபூலில் இருந்த ஒவ்வொருவருக்கும், ஆண் பெண் அடிமை என்னும் வேற்றுமையின்றி, ஒரு வெள்ளிக்காசு அனுப்பினார். ஆனால் உண்மையான சோதனை அதன் பின்னரே வந்தது. அவ்வாண்டின் கோடை கொடியதாயிற்று. குளிர்நாட்டு வீரர் வெப்பத்தால் மடிந்தனர். ஊர்மக்கள் அஞ்சி அகன்றமையால் உணவும் தீவனமும் அரிதாயின. காபூலுக்குத் திரும்புவோம் என்று பிரபுக்கள் வற்புறுத்தினர். தைமூரும் வென்று, கொள்ளை கொண்டு, திரும்பிச் சென்றவரே அன்றோ!

பாபர் அவையைக் கூட்டினார். பல்லாண்டு உழைத்துப் பெற்றதைக் காரணமின்றிக் கைவிட்டு, மீண்டும் வறுமைக்குத் திரும்புவது முறையன்று என எடுத்துரைத்தார். செல்ல விரும்புவோர் செல்லலாம் என்றும் விடை தந்தார். பெரும்பாலோர் தங்கினர். உற்ற தோழர் குவாஜா கலான் மட்டும் மனம் ஒப்பாது காபூல் சென்றார்.

தங்குதல் எளிதாக அமையவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் இப்ராகிமின் தாய் சமையலாளர் வழியே நஞ்சூட்ட முயன்றார். பாபர் உயிர் பிழைத்தார். 1527 மார்ச்சில் மேவாரின் ராணா சங்காவைக் கான்வாவில் எதிர்கொண்டார். போருக்கு முன் மதுவைத் துறந்து பாத்திரங்களை உடைத்தார். வெற்றிக்குப்பின் மாண்டோரின் தலைகளைக் கோபுரமாகக் குவித்த கொடுமையையும் மறைத்தலாகாது. 1529இல் காக்ரா நதிக்கரையில் கிழக்குப் பகுதி ஆப்கானியரை வென்றார்.

அவர் இந்நாட்டை முழுமனத்துடன் நேசித்தாரா? தம் தாய்மொழியான சகதாய்த் துருக்கியில் எழுதிய பாபர்நாமாவில் இங்கே பனிக்கட்டியில்லை, நற்கனிகளில்லை எனக் குறைகூறுகிறார். அதே நூலில் மழைக்காலத்தின் இனிமையையும், கைவினைஞரின் பெருக்கத்தையும் பாராட்டுகிறார். ஆக்ராவில் யமுனைக் கரையில் தோட்டம் அமைத்து, நீரோடைகளை வகுத்து, தம் நாட்டு முலாம்பழமும் திராட்சையும் பயிரிடச் செய்தார். குவாஜா கலானுக்கு எழுதிய மடலிலோ, முலாம்பழம் ஒன்றை அறுத்தபோது காபூலின் நினைவால் தாம் கண்ணீர் விட்டதை ஒளிக்காமல் தெரிவித்தார்.

1530 டிசம்பர் 26ஆம் நாள், 47ஆம் வயதில், ஆக்ராவில் அவர் மறைந்தார். முதலில் அங்கேயே அடக்கம் செய்யப்பெற்ற அவர் உடல், பின்னர் அவர் விரும்பியவாறு காபூலின் தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. மைந்தர் ஹுமாயூன் 1540இல் நாட்டை இழந்து 1555இல் மீட்டார். அடுத்த ஆண்டில் பேரன் அக்பரின் படை அதே பானிப்பட்டில் வென்றது. அம்மரபு 1857 வரை நீடித்தது.

பானிப்பட்டின் போர் அரை நாளில் முடிந்தது. வேற்று மண்ணைத் தம் மண்ணாக்கும் முயற்சியோ பாபரின் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் கொண்டது, அப்போதும் நிறைவுறவில்லை. பிறந்த ஊரின் சுவையை நாவிலும், வாழும் ஊரின் கடமையைத் தோளிலும் சுமப்போர் அவருடைய வெற்றியை மட்டுமன்றி, அக்கண்ணீரையும் நன்குணர்வர்.