கட்டாயமல்ல, நம்பிக்கையே மருந்து

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைப் பள்ளி மாணவியருக்குக் கட்டாயமாக்க வேண்டுமா என்னும் விவாதம் எழும்போதெல்லாம், வேலூர் வட்டாரத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்கு ஐடா ஸ்கடரின் வாழ்க்கையே நினைவுக்கு வருகிறது.

1870 டிசம்பர் 9-இல் ராணிப்பேட்டையில், மருத்துவ ஊழியம் புரிந்த அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் ஐடா. அமெரிக்காவிலேயே வாழ விரும்பிய அவர், தாயின் உடல்நலம் குன்றியதால் திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவில் மூன்று ஆடவர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தத்தம் மனைவியரைக் காப்பாற்ற அவரை அழைத்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால், அந்நிய ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணுக்கு மருத்துவம் பார்க்க மூவருமே இசையவில்லை. ஐடாவோ மருத்துவம் கற்றவர் அல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

மருந்து இருந்தது, மருத்துவரும் இருந்தார். நம்பிக்கைதான் இல்லை. அதை ஈட்டுவதற்கே ஐடா தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

1899-இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் திரும்பினார். அதே ஆண்டில் தந்தை மறைந்தார். தனித்து நின்ற இளம் பெண் மருத்துவரிடம் தொடக்கத்தில் நோயாளிகள் வரத் தயங்கினர். அவர் காத்திருந்தார். 1902-இல் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை எழுந்தது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி, குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் பயணம் செய்து மரத்தடிகளில் மருத்துவம் பார்த்தார். 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இந்தியப் பெண்களுக்கு இந்தியப் பெண்களே மருத்துவம் பார்க்கும் நிலையை உருவாக்க முனைந்தார். 1960-இல் கொடைக்கானலில் அவர் மறைந்தபோது, வேலூர் நாடறிந்த மருத்துவ நகரமாகியிருந்தது.

இன்று நம்முன் உள்ள கேள்விக்கு இவ்வாழ்க்கை வழிகாட்டுகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாக இத்தடுப்பூசி செலுத்த, 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு ரூ.36 கோடி ஒதுக்கியது. இது வரவேற்கத்தக்கது.

ஆனால், 2009-இல் கம்மத்தில் நடந்ததை மறக்கலாகாது. அங்கே விடுதி மாணவியர் பலருக்குப் பெற்றோரின் ஒப்புதலின்றி, காப்பாளர்களின் கையொப்பத்துடன் இத்தடுப்பூசி செலுத்தப்பட்டது. சிறுமியர் சிலர் இறந்ததும் எதிர்ப்பு எழுந்து, 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என விசாரணைக் குழு கூறிய பின்னரும் ஐயம் அகலவில்லை. மாறாக, 2018-இல் சிக்கிம் அரசு பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் முன்னதாகவே விளக்கி, பள்ளிகளின் வழியே பெரும்பாலான சிறுமியருக்குத் தடுப்பூசி செலுத்தியது.

பெற்றோர் மறுத்தால் பாதிக்கப்படுபவள் மகள்தானே என்ற வாதம் வலுவானது. ஆயினும், தடுப்பூசி இல்லையேல் பள்ளியில் இடமில்லை என்றால், இழப்பு மீண்டும் அச்சிறுமிக்கே. கல்வியும் போய், காப்பும் இல்லாமல் போகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய தோல் தொழில் நகரங்களில், காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தாய்மார் பலர். பகல் நேரப் பெற்றோர் கூட்டத்துக்கு அவர்களால் வர இயலாது. எனவே விளக்கக் கூட்டங்கள் மாலையிலும் விடுமுறை நாளிலும் நடைபெற வேண்டும். பெண் மருத்துவர்களும் செவிலியரும் தமிழிலும் உருதுவிலும் பேச வேண்டும். குழந்தைப்பேறு பாதிக்கப்படுமோ என்னும் அச்சத்துக்குப் பொறுமையாக விடையளிக்க வேண்டும். மறுத்த வீட்டுக்கு மறுமுறையும் செல்ல வேண்டும்.

கட்டாயம் அரசுக்கு இருக்கட்டும்: ஒரு சிறுமியும் விடுபடாமல் இலவசமாகத் தடுப்பூசியைக் கொண்டு சேர்ப்பது அதன் கடமை. ஒப்புதலைத் தாய்மாரிடம் கேட்டே பெறுவோம்.