கல்லை அறிந்த கலாயோகி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது நடராச வடிவமே. ஆடவல்லானின் திருக்கூத்தை மேனாட்டார்க்கு விளக்கிய பேரறிஞர் என்றே அவரை நம்மவர் போற்றுவர். ஆயின், சிற்பத்தை ஆராயுமுன் அவர் கல்லை ஆராய்ந்தவர். இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதல் தலைவராக இருந்தவர். நம் இளைஞருட் பலர் அறியாத அப்பகுதியையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கியவர். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. சேர் பொன். இராமநாதனும் சேர் பொன். அருணாசலமும் இவருக்கு மைத்துனர் முறையினர். 1879இல் தந்தையார் காலமானபோது குழந்தைக்கு இரண்டு வயதும் நிறையவில்லை. இங்கிலாந்திலே தாயாரின் அரவணைப்பில் வளர்ந்த ஆனந்தர், விக்கிளிப் கல்லூரியிற் கற்றபின் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று, 1900இல் முதல் வகுப்பிற் சித்தியடைந்தார். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

1903ஆம் ஆண்டில் கனிப்பொருள் அளவையின் தலைமை அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து அல்லது இருபத்தாறு. 1906 வரை அப்பதவியிலிருந்து, நாட்டின் எப்பகுதியில் எக்கனிப்பொருள் உண்டு என்று தேடித் திரிந்தார்.

கையிலெடுத்த கல் இன்னதென்று அறிவது எவ்வாறு? நிறத்தைக் கொண்டு அறியலாம் என்று எண்ணுவோர் பெரிதும் ஏமாறுவர். சிவந்த மாணிக்கமும் நீலமும் நிறத்தால் வேறாயினும் பொருளால் ஒன்றே, இரண்டும் குருந்தம். அறிவியலார் இக்கனிப்பொருளுக்கு வழங்கும் பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். மாறாக, நிறத்தால் ஒன்றாகித் தன்மையால் வேறாவனவும் உண்டு. மாத்தறை வைரம் எனப்பட்ட நிறமற்ற கல் வைரமன்று, சேர்க்கன் என்னும் வேறொரு கனிப்பொருள்.

ஆதலின் வன்மையைச் சோதித்தல் வேண்டும். 1812இல் மோஸ் என்னும் செருமானிய அறிஞர் பத்துக் கனிப்பொருள்களை மென்மையிலிருந்து வன்மை நோக்கி வரிசைப்படுத்தினார். எது எதைக் கீறுகின்றது என்பதே அவ்வரிசையின் அடிப்படை. அதிற் கல்சைற்று 3, படிகக்கல் 7, குருந்தம் 9, வைரம் 10. வெண்சுண்ணக்கல்லும் வெண்படிகக் கல்லும் தூரத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். பேனாக்கத்தியாற் கீறிப் பார்த்தால் முன்னதில் தடம் விழும், பின்னதில் விழாது. சேர்க்கனின் வன்மை ஏறத்தாழ 7½. வைரத்தின் முன் அது நில்லாது.

அடுத்தது பாரம். கல்லைக் காற்றிலும் நீரிலும் நிறுத்துத் தன்னீர்ப்பைக் கணிப்பர். படிகக்கல்லுக்கு அது 2.65, குருந்தத்துக்கு ஏறக்குறைய 4. உடையும் விதமும் ஓர் அடையாளமே. மைக்கா ஏடேடாகப் பிரியும். கல்சைற்று சாய்ந்த சதுரத் துண்டுகளாகப் பிளக்கும். படிகக்கல்லோ கண்ணாடிபோல ஒழுங்கின்றி உடையும். காரீயம் விரலிற் கரியாய் ஒட்டும், தொட்டால் எண்ணெய்ப் பசைபோல வழுக்கும், தாளில் எழுதும். இவற்றுள் ஒன்றை மாத்திரம் நம்பாமல் பலவற்றையும் ஒருங்கே வைத்து முடிவு செய்வதே முறை.

அம்முறைக்கும் ஓர் எல்லை உண்டென்பதை ஆனந்தரின் வாழ்வே காட்டியது. 1904இல் சப்பிரகமுவ மாகாணத்தில், மாணிக்கம் அரிக்கும் சரளையிடையே சிறு கருங்கனங்கள் அகப்பட்டன. அளவுக்கு மீறிய பாரம். நீரினும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்டது. வடிவமும் நிறமும் பாரமும் யுரேனியக் கனிப்பொருளாகிய யுரேனினைற்றை ஒத்திருந்தன. ஆனந்தரும் அவ்வாறே கருதினார். இலண்டனில் இம்பீரியல் நிலையத்துப் பேராசிரியர் டன்ஸ்ரன் பகுத்துப் பார்த்தபோது, அதிற் பெரும்பகுதி தோரியம் எனத் தெரியவந்தது. உலகம் அதுவரை அறியாத புதுக் கனிப்பொருள் அது. தோரியனைற்று என்று பெயர் பெற்றது. வாயு விளக்குகளின் மென்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலமாதலின், வணிகரும் அதை நாடினர். கதிர்த்தொழிற்பாடு உடையதாதலின் அறிவியலாரும் நாடினர்.

இதை நாம் ஆனந்தருக்கு இழுக்காகக் கொள்ளவில்லை. கண்ணும் கையும் சொல்லக்கூடியதை அவை சரியாகவே சொல்லின. இரண்டு கனிப்பொருள்களும் புறத்தோற்றத்தில் உடன்பிறந்தார்போல்வன. கை அறியமுடியாததை இரசாயனம் அறிந்தது. இலண்டன் பல்கலைக்கழகமும் அவருடைய இலங்கை ஆராய்ச்சிகளை மதித்து அறிவியற் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கல்லைத் தேடிக் கிராமங்களிற் சென்றவரின் கண்ணில் வேறொரு செல்வமும் பட்டது. கண்டிய நாட்டுத் தச்சரும் கன்னாரும் நெசவாளரும் செய்த அரும்பொருள்கள், மலிவான இறக்குமதிப் பண்டங்களின் முன் மறைந்துகொண்டிருந்தன. அவற்றையும் துருவி ஆராய்ந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். பின்னர் பாரத நாட்டுக் கலையிலே திளைத்து, 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் சேர்ந்தார். 1918இல் சிவ நடனம் பற்றிய நூலை வெளியிட்டார். 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி அந்நாட்டிலேயே மறைந்தார்.

கல்லை விட்டுக் கலைக்குச் சென்றபோது அவர் தம் பழக்கத்தை விட்டுச் செல்லவில்லை என்றே நாம் எண்ணுகின்றோம். மேனாட்டார் பலர் நம் தெய்வ வடிவங்களின் பல கைகளைக் கண்டு, மேலெழுந்த பார்வையால் இகழ்ந்த காலம் அது. அவரோ ஒவ்வொரு கையும் ஏந்தும் பொருள் யாது, ஊன்றிய பாதம் குறிப்பது யாது என்று தனித்தனி நோக்கிப் பொருள் கண்டார். நிறத்தை மட்டும் கண்டு கல்லுக்குப் பெயரிடலாகாது என்று கற்றவர், தோற்றத்தை மட்டும் கண்டு ஒரு சமுதாயத்தின் கலைக்கு மதிப்பிடுவாரா?

இளைஞர்களே! விஞ்ஞானம் கற்போர் கலையையும், கலை கற்போர் விஞ்ஞானத்தையும் புறக்கணித்தல் வேண்டா. அடுத்த முறை வழியில் ஒரு கல்லைக் கண்டால் எடுத்துப் பாருங்கள், கீறிப் பாருங்கள், பாரத்தை உணருங்கள், அதன்பின் பெயர் சொல்லுங்கள். கலாயோகியின் கல்வி தொடங்கிய இடமும் அதுவே.